‘அவன்/அவள்’ என்று கோடு போடாமல் தமிழில் விதிமுறை எழுத முடியுமா?

கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். டெல்லி மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு மன்றம் நடத்துகிறீர்கள். அதற்கு விதிமுறை, உறுப்பினர் படிவம், பொங்கல் அழைப்பிதழ் மூன்றையும் தமிழில் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதல் வரைவில் “அவன்/அவள் தனது/அவளது சந்தாவை” என்று வரிக்கு வரி சாய்கோடு. இருபாலுக்கும் பொதுவான சொற்கள் எவை, இலக்கணம் எந்த அளவுக்கு இடம்கொடுக்கும் என்று கேட்கிறீர்கள். கூடவே, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த உங்கள் மகள் “தமிழ்லதான் ஆண் பெண் வித்தியாசமே கிடையாதே, இந்திதான் அந்தத் தொல்லை” என்கிறார், அது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மகளிடமிருந்தே தொடங்கலாம். அவர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி மிகவும் கூர்மையான பாதி. பள்ளியில் இந்தி படித்த பிள்ளைக்குத்தான் அது கண்ணில் படும். மயிலாப்பூரில் இருக்கும் பிள்ளைக்குப் படாது.

இந்தியில் ஒரு பெண் “நான் போகிறேன்” என்று சொல்ல ‘மை ஜாதீ ஹூம்’ என்றாக வேண்டும், ஆண் ‘மை ஜாதா ஹூம்’. எதிரில் இருப்பவரை நலம் விசாரிக்கவே ‘கைஸே’யா ‘கைஸீ’யா என்று முடிவு செய்தாக வேண்டும். தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது. வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வா, வாங்க: எதிலும் சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்பது தெரியாது. இரண்டு பேர் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசியதை அப்படியே எழுத்தில் பெயர்த்துக் கொடுத்தாலும், ‘டா’, ‘டி’, ‘அக்கா’, ‘அண்ணா’ போன்ற விளிகளை நீக்கிவிட்டால், பேசியது ஆணா பெண்ணா என்று வினைமுற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் படர்க்கைக்கு வாருங்கள், கதை தலைகீழ். இந்தியில் ‘வோ’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் போதும். பால் வினையில்தான் வந்து உட்காரும் (‘வோ ஆயா’, ‘வோ ஆயீ’). தமிழில் அவன், அவள் என்று பெயரிலும் பால். வந்தான், வந்தாள் என்று வினையிலும் பால். ஆக, இந்தி தன்னைப் பற்றிப் பேசும்போது பாலைக் கேட்கிறது, தமிழ் பிறரைப் பற்றிப் பேசும்போது கேட்கிறது. உங்கள் மகள் பேசும் தமிழில் பெரும்பாலும் ‘நான்’, ‘நீ’, ‘நீங்க’தான் இருக்கும், அதனால் வித்தியாசமே இல்லை என்று தோன்றியிருக்கிறது.

ஒரு கிளைச் செய்தி. இந்தியில் ‘மைனே ரோட்டி காயீ’ என்று ஆணும் சொல்வார், பெண்ணும் சொல்வார். அந்த ‘ஈ’ சாப்பிட்டவருடையது அல்ல, ரொட்டியுடையது. புதிதாக டெல்லிக்கு வரும் தமிழர்கள் ஜாதா, ஜாதீயைச் சமாளித்துவிட்டு வழுக்கி விழும் இடம் இதுதான். மெட்ரோவில் தினமும் காதில் விழும் ‘தர்வாஜே பாயீம் தரஃப் குலேங்கே’யில் கதவுகள் ஆண்பால், பக்கம் பெண்பால். நமக்குக் கதவும் பக்கமும் அஃறிணை, கவலை விட்டது. பேசத் தெரிந்த உயிரா இல்லையா என்பதையே தமிழ் முதலில் பார்க்கிறது. ஆணா பெண்ணா என்பது அதற்கு அடுத்த கேள்வி, அதுவும் மனிதருக்கும் தெய்வத்துக்கும் மட்டும். பசு வந்தாலும் வந்தது, காளை வந்தாலும் வந்தது.

இனி உங்கள் உண்மையான சிக்கல்: படர்க்கை ஒருமையில் ஓர் ஆளைக் குறிக்க வேண்டும், ஆணோ பெண்ணோ தெரியாது, அல்லது சொல்ல வேண்டாம். என்ன செய்வது?

இது இன்று முளைத்த சிக்கல் அல்ல. தொல்காப்பியம் கிளவியாக்கம் என்னும் இயலில் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறது: “பால்மயக்கு உற்ற ஐயக் கிளவி, தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்.” மனிதர் என்று தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றால் பன்மையால் சொல். உரைகாரர்கள் தரும் காட்சி, தூரத்தில் ஓர் உருவம் வருகிறது, ஆண்மகனோ பெண்மகளோ அங்கே தோன்றுபவர் என்று. அதற்கு அடுத்த நூற்பா இன்னும் ஒரு படி பின்னால் போகிறது. மனிதனா மரக்கட்டையா என்றே தெரியாவிட்டால் ‘உரு’ என்று சொல், அல்லது அஃறிணையில் சொல்.

பிறகு ‘ஒருவர்’. “ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே” என்று தொல்காப்பியத்தின் பெயரியல் சொல்கிறது. நன்னூல் இதையே இன்னும் தெளிவாக்கி, ‘ஒருவர்’ உயர்திணையின் இரண்டு பாலுக்கும் பொதுவாக நின்று பன்மை வினையைக் கொள்ளும் என்கிறது. ஒருவன் வந்தான், ஒருத்தி வந்தாள், ஒருவர் வந்தார். பொருளில் ஒருமை, வினையில் பன்மை, பாலில் பொது. ஒருமைக்குப் பன்மை வினை போடுவது புதுமையா பிழையா என்று வேறு மொழிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயத்தை நம் இலக்கணம் இரண்டே அடியில் முடித்துவைத்திருக்கிறது. (போகிற போக்கில்: ‘ஒருவள்’ என்று எழுதாதீர்கள். பெண்பாலுக்கு ‘ஒருத்தி’.)

அப்படியென்றால் எல்லாம் சுலபம், ‘அவர்’, ‘ஒருவர்’ என்று போட்டுக்கொண்டே போகலாமே என்பீர்கள். விதிமுறைக்குப் போகலாம். ஆனால் தமிழில் இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் போனால் பதில் பாதிதான்.

‘அவர்’ பாலை மறைக்கும்போதே மரியாதையை ஏற்றிவிடுகிறது. தொல்காப்பியர் காலத்திலேயே ஒருவரைப் பன்மையில் சொல்வதற்கு இரண்டு வேலை இருந்திருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன ஐயம். மற்றொன்று, உயர்வு. அந்த இரண்டாவதை “வழக்கினாகிய உயர்சொல் கிளவி” என்று அவர் பிரித்துச் சொல்கிறார், இது பேச்சுவழக்கில் வந்த மரியாதை, இலக்கண முறைப்படி ஆன சொல் அல்ல என்று. இன்று அந்த மரியாதைப் பன்மைதான் முழுக்க ஆட்சி செய்கிறது. ஐயப் பன்மை அதற்குள் கரைந்துவிட்டது. விளைவு, தமிழில் பால் தெரியாமல் பேச வேண்டுமானால் ஒன்று மேலே ஏறி ‘அவர்’ என்க வேண்டும், அல்லது கீழே இறங்கி ‘அது’ என்க வேண்டும். சமதளத்தில் நிற்க இடமில்லை.

இது எங்கே உறுத்தும் என்றால், உங்கள் மகளையே பாருங்கள். இந்தப் பதிலில் நான் ‘என்கிறார்’ என்று எழுதினேன், எழுத்தில் அது இயல்பு. நீங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அவரே சிரிப்பார். பூட்டை உடைத்து யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது ‘திருடர் நகைகளை எடுத்துச் சென்றார்’ என்று எழுதக் கை வராது; யாரென்று தெரியாத திருடனை உடனே ஆணாக்கி ‘சென்றான்’ என்றுதான் எழுதுவோம். கைக்குழந்தைக்கு மட்டும் ‘அது அழுகிறது’ என்பது அன்பாகவே ஒலிக்கும். ‘குழந்தை’க்கு ஆணும் பெண்ணும் ஒன்றே, அஃறிணை முடிவு தவறும் இல்லை.

ஒரு காலத்தில் மூன்றாவது வழியும் இருந்தது. ‘செய்யும்’ என்னும் முற்று. பழைய இலக்கணத்தில் அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும், நான்குமே சரி. சேராதது ‘அவர்’ மட்டும்தான். தன்மையிலும் முன்னிலையிலும் வராது. மரியாதைப் பேச்சே இல்லாமல் இருபாலுக்கும் பொதுவாக நின்ற படர்க்கை வினை அது. இன்றைய எழுத்தில் ‘வரும்’ அஃறிணைக்கு ஒதுங்கிவிட்டது. பேச்சில் மட்டும் அதே போன்ற ஒரு வழக்கம் பிழைத்திருக்கிறது: “தாத்தா திட்டும்”, “அக்கா அப்படித்தான் சொல்லும்”, “அண்ணன் நாளைக்கு வரும்.” சில ஊர்க்காரர்களுக்கு இது நெருக்கம், சிலருக்கு மரியாதைக் குறைவு. முனிர்க்காவிலோ கரோல்பாக்கிலோ நான்கு மாவட்டத் தமிழர்கள் ஒரே மாடியில் குடியிருக்கும்போது, ஒருவர் வீட்டு “அக்கா வந்துச்சு” அடுத்த வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று தைப்பதை நிறையப் பார்க்கலாம்.

“யாரு வந்தது?” என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கிறோமே, அதுவும் கீழ்ப்படி வழிதான். ‘யார்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பலருக்கும் பொது என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. எழுத்தில் “யார் வந்தார்?” என்று பன்மை கொடுப்போம், பேச்சில் தெரியாத ஆளுக்கு ‘வந்தது’ போட்டுவிடுகிறோம். மனிதனா மரக்கட்டையா என்ற ஐயத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன அஃறிணையைக் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கு நாம் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். வந்தவர் கோபித்துக்கொள்வதில்லை.

டெல்லித் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாக்கியம் இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டியிருக்கிறது. “ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது…” டெல்லியிலிருந்து ஒலிபரப்பான தமிழ்ச் செய்தியில் அதற்குப் பின் சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் வந்தபோது ஒரு தலைமுறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ‘வாசிப்பவர்’ என்று இல்லை, ‘வாசிப்பது’. செயலைத்தான் சொல்கிறது, ஆளை அல்ல. ஆண் வாசித்தாலும் பெண் வாசித்தாலும் ஓர் எழுத்து மாற வேண்டாம். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. அழைப்பிதழில் “வரவேற்புரை ஆற்றுவது”, “கோலப் போட்டியை நடத்துவது” என்று எழுதி, பக்கத்தில் பெயரைப் போட்டுவிடலாம். சிலர் இதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அவர்களுக்கு “வரவேற்புரை:” என்று முக்காற்புள்ளி போட்டுப் பெயரை எழுதினால் தகராறு தீர்ந்தது.

வினையில் இன்னும் சில இடங்களில் பால் தானாகவே உதிர்ந்துவிடும். நீங்கள் எழுதப்போவது விதிமுறை என்பதால் இது உங்களுக்கு மிகப் பெரிய வசதி. வேண்டும், வேண்டாம், கூடாது, முடியும், ‘-லாம்’ எதற்கும் பால் இல்லை, இடம்கூட இல்லை. நான் வரலாம், அவன் வரலாம், அவள் வரலாம், அவர்கள் வரலாம். விதிமுறை முழுக்க ‘செலுத்த வேண்டும்’, ‘கலந்துகொள்ளலாம்’, ‘வாக்களிக்கக் கூடாது’ என்றுதானே போகும்? இல்லை, உண்டு, வேறு மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலும் சொல்கிறது. அந்த ‘இல்லை’ வினையோடு சேர்ந்ததும் ஒரு வேடிக்கை நடக்கிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று பிரிந்தவை ‘வரவில்லை’யில் ஒன்றாகிவிடும். வந்தால்தான் ஆணா பெண்ணா என்ற பேச்சு, வராதவரைத் தமிழ் கேட்பதே இல்லை. (‘வரமாட்டான்’, ‘வரமாட்டாள்’ என்று எதிர்காலத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.) எச்சங்களும் அப்படியே: வந்து, வந்த, வந்தால். ‘பதிவு செய்தவர்’ என்பதற்குப் பதில் ‘பதிவு செய்த உறுப்பினர்’ என்றால் ‘செய்த’வில் எந்தப் பாலும் இல்லை.

பெயரில் ‘தான்’ ஒன்றை மறந்துவிடாதீர்கள். படர்க்கையில் பாலும் இல்லாமல் மரியாதை ஏற்றமும் இல்லாமல் நிற்கும் ஒரே சொல் அது. உங்கள் வரைவில் ‘தனது/அவளது’ என்று கோடு போட்டிருக்கிறீர்கள், அந்தக் கோடே தேவையில்லை. ‘தனது’ பெண்ணுக்கும் உரியதுதான். ஆங்கிலப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் வரும் வினை இது. ‘உறுப்பினர்’ என்று தொடங்கினால் அதோடு ‘தம்’ பொருந்தும்: உறுப்பினர் தம் சந்தாவை. ‘ஒவ்வொருவரும் தத்தம்’ இன்னும் நன்று.

அடுத்து பெயர்ச்சொற்கள். இங்கே இலக்கணத்தைவிடக் காதுதான் முக்கியம்.

நம்மிடம் பொதுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘-ஆளர்’, ‘-நர்’, ‘-ஞர்’, ‘-இனர்’ ஈறுகள் எல்லாம் பொது: செயலாளர், பொருளாளர், எழுத்தாளர், இயக்குநர், ஓட்டுநர், பெறுநர், கவிஞர், கலைஞர், உறுப்பினர். ‘-ஓர்’ பன்மைக்கு மட்டும்: பெற்றோர், முதியோர், நுகர்வோர். ‘-ஆளி’, ‘-இ’ வகை இன்னும் சுவையானது. நோயாளி, தொழிலாளி, பயனாளி, விவசாயி, பயணி, கைதி, அகதி, எதிரி: சொல்லில் பாலும் இல்லை, மரியாதையும் இல்லை. பின்னால் வரும் வினைதான் தீர்மானிக்கும். தலைப்பில், பட்டியலில், படிவத்தில், அதாவது வினை வராத இடத்தில், இவை முழுப் பொதுவாக நிற்கும்.

ஆனால் காது என்ன செய்கிறது? மேடையேறியதும் “பெரியோர்களே, தாய்மார்களே!” என்று தொடங்குகிறோம். ‘பெரியோர்’ இருபாலுக்கும் பொது என்றால் தாய்மார் ஏற்கெனவே அதில் அடக்கம். தனியாகக் கூப்பிடுகிறோம் என்றால், ‘பெரியோர்’ என்ற சொல் காதில் ஆணாகத்தான் விழுகிறது என்று பொருள். ‘மாணவர்’ பொதுச்சொல்தான், ஆனால் ‘மாணவர் விடுதி’ என்று பலகை தொங்கினால் எந்தப் பெண்ணும் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போக மாட்டார். ‘ஆள்’ இலக்கணப்படி யாருக்கும் பொருந்தும், “அந்த ஆள் வந்தாரா?” என்று கேட்டால் பெண் என்று யாரும் நினைப்பதில்லை. ‘பெண் எழுத்தாளர்’, ‘பெண் ஓட்டுநர்’, ‘பெண் தொழிலாளி’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, ‘ஆண் எழுத்தாளர்’ என்று எங்கே பார்த்தீர்கள்?

‘அவர்’ என்பதன் கதியும் இதுதான். எழுத்தில் அது பொது. அமைச்சராக இருக்கும் பெண்ணையும் ‘அவர் கூறினார்’ என்றே செய்தியில் எழுதுவார்கள். பேச்சில் “அவரு வந்தாரு” என்றால் ஆண்தான். மரியாதையோடு ஒரு பெண்ணைச் சொல்ல “அவங்க வந்தாங்க” என்போம். ஆகவே வாய்மொழியில் உண்மையான பொதுச்சொல் ‘அவங்க’. கரோல்பாக்கின் பழைய தலைமுறைப் பிராமணக் குடும்பங்களில் அது ‘அவா’. ஆனால் அவர்கள் சொல்லும் “வந்தா” என்பது மற்றவர்கள் காதில் ‘வந்தாள்’ என்று விழும், இரண்டு வீட்டாருக்கும் சம்பந்தம் பேசும்போது கொஞ்சம் குழப்பம் நேரலாம். உங்கள் மன்றத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் மேடையில் பேசுவதற்குக் குறிப்பு எழுதினால் ‘அவர்’ வேண்டாம், ‘அவங்க’ என்றே எழுதிக்கொடுங்கள்.

விளிகளில் இளைஞர்கள் ஏற்கெனவே கலைத்துப் போட்டுவிட்டார்கள். ‘டா’ ஆணுக்கு, ‘டி’ பெண்ணுக்கு என்பது பழைய கணக்கு. இன்று கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் “வாடா”, “சொல்லுடா” என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், அப்பாக்கள் மகளை “என்னடா கண்ணா” என்று கொஞ்சுகிறார்கள். ‘ப்பா’வும் அப்படித்தான், “சொல்லுப்பா” என்று தோழியிடம் சொல்லத் தடையில்லை. ஆண்பால் வடிவம் பெண்ணை நோக்கி நகர்கிறது. மகனை “வாடி” என்று அழைக்கும் அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை. பொது என்று சொல்லப்படுவது எந்தப் பக்கத்திலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த ஊர் தொடர்பான இன்னொன்று. 2007-இல் பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவரானபோது ‘ராஷ்ட்ரபதி’ என்பதை ஒரு பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று இந்தியில் பெரிய விவாதம். ‘பதி’ என்றால் தலைவர், கணவர் இரண்டும். அதைப் பெண்பாலாக்கினால் ‘பத்னி’, அதாவது மனைவி. கடைசியில் ‘ராஷ்ட்ரபதி’யே நின்றது. 2022 ஜூலையில் திரௌபதி முர்முவைக் குறித்து மக்களவை உறுப்பினர் ஒருவர் அந்தப் பெண்பால் வடிவத்தைச் சொல்லிவிட, நாடாளுமன்றமே அமளியாகி, அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. தமிழில் ‘குடியரசுத் தலைவர்’ இருவருக்கும் பொருந்திப் போனது, யாரும் ‘தலைவி’ ஆக்க முனையவில்லை. பதவிப் பெயரில் பெண்பால் ஈறு சேர்ப்பதை நானும் விரும்புவதில்லை. ஆசிரியை, கவிதாயினி போன்றவை ஒருவகை அலங்காரம். ஆசிரியர், கவிஞர் என்றாலே போதும். ‘நடிகை’ மட்டும் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது.

விதிமுறையில் “ஆண்பாலில் சொல்லியது பெண்ணுக்கும் பொருந்தும்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதாதா என்று உங்கள் குழுவில் வழக்கறிஞர் யாராவது கேட்கக்கூடும். சட்டம் அப்படித்தான் செய்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பதின்மூன்றாம் பிரிவில், ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்கிறது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்த வரியில் ஆண், பெண் ஆகியோரோடு திருநரையும் சேர்த்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் சட்டத்துக்கு அந்த வரி தேவை, ஏனெனில் அங்கே படர்க்கை ஒருமைக்கு வேறு போக்கிடம் குறைவு. ‘ஒருவர்’ இருக்கும் மொழியில் ‘அவன்’ என்று எழுதிவிட்டு அடியில் விளக்கம் போடுவது வீண் வேலை.

திருநர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிவத்தில் ‘பால்’ என்று ஒரு கட்டம் இருப்பதால் சொல்கிறேன். இதே டெல்லியில் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2008-இல், நலவாரியம் அமைத்தது. திருநங்கை, திருநம்பி, இருவருக்கும் பொதுவாகத் திருநர் என்ற சொற்கள் இன்று எல்லோருக்கும் தெரியும். நன்னூலில் இதைத் தொடும் ஒரு நூற்பா உண்டு. அதன் சொற்கள் இன்று வேண்டாம், ஆனால் அதன் கணக்கு கவனிக்கத்தக்கது: பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். பிறப்பை அல்ல, விருப்பத்தை வைத்து வினைமுற்றைத் தீர்மானிக்கிறது. அதே நூற்பா அடுத்த அடியில் ‘அஃறிணை போலவும் ஆகும்’ என்று சேர்த்துவிடுகிறது, அதை ஏற்க முடியாது. நமக்கு ‘அவர்’ இருக்கிறது, இங்கே மரியாதை ஏறுவது நல்லதுதான்.

இனி உங்கள் காகிதங்கள். விதிமுறையில் நீங்கள் எழுதியிருந்த பத்தியை இப்படி மாற்றலாம்:

“உறுப்பினராக விரும்பும் ஒருவர், தம் பெயரையும் முகவரியையும் படிவத்தில் நிரப்பிச் செயலாளரிடம் தர வேண்டும். ஆண்டுச் சந்தா செலுத்தாத உறுப்பினர் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தாரை விழாவுக்கு அழைத்து வரலாம்.”

ஒரு சாய்கோடும் இல்லை. வினைமுற்றில் பால் எட்டிப் பார்க்கவே இல்லை.

படிவத்தில் ‘தந்தை/கணவர் பெயர்’ என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குப் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்’, மணமானவர்களுக்கு ‘வாழ்க்கைத்துணையின் பெயர்’. ‘இணையர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது இன்னும் எல்லார் வாயிலும் பழகவில்லை. ‘திரு/திருமதி/செல்வி’ என்ற மூன்று கட்டம் ஆணிடம் கேட்காத திருமண விவரத்தைப் பெண்ணிடம் கேட்கிறது. ‘திருமிகு’ என்று எல்லாருக்கும் ஒன்றே போடலாம், முனைவர் பட்டம் இருந்தால் ‘முனைவர்’ ஏற்கெனவே பொது.

அழைப்பிதழுக்குப் பழைய தமிழே கைகொடுக்கும். ‘அன்புடையீர், வணக்கம்’ என்று தொடங்கினால் முன்னிலைப் பன்மை, பால் இல்லை. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பதும் அப்படியே. கடிதத்தில் மட்டும் ‘ஐயா’ என்று கை தானாக எழுதிவிடும், குறிப்பாக அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு. அதை ‘மதிப்பிற்குரியீர்’ ஆக்குங்கள். மேடை அழைப்பில் “பெரியோர்களே, தாய்மார்களே” வேண்டுமா வேண்டாமா என்று குழுவில் தகராறு வந்தால் இந்த ஆண்டு விட்டுக்கொடுத்துவிடுங்கள், அது பொங்கல் மேடை. விதிமுறையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.